சொல்லாத இழப்பு யாருக்கு இலாபம்? - பெருகும் இணையவழிக் குற்றங்களும் நம் மலைக் கிராமங்களும்

கொடைக்கானல் மலைக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. யார் வருகிறார், எந்த வண்டியில் வருகிறார் என்பதைச் சோதனைச் சாவடியில் நின்று பார்க்க முடிகிறது. ஆனால் எந்தச் சாவடியையும் கடக்காமல், எந்தச் சீட்டும் வாங்காமல், மன்னவனூரிலும் பூம்பாறையிலும் தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிற ஒரு விருந்தாளி இருக்கிறான். அவன் நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி வழியாக வருகிறான். வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறான். அவன் போன பிறகுதான் வங்கிக் கணக்கு காலியாகிவிட்டது என்பது நமக்குத் தெரிகிறது.

முன்பெல்லாம் திருட்டு என்றால் பூட்டு உடைந்திருக்கும், ஓடு பிரிக்கப்பட்டிருக்கும். ஊர் கூடும். இழந்தவருக்கு ஆறுதல் சொல்ல பத்துப் பேர் வருவார்கள். இன்றைய திருட்டில் பூட்டு உடைவதில்லை, ஊரும் கூடுவதில்லை. பறிகொடுத்தவர் யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளே குமைகிறார். இந்த மௌனத்தைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறோம். ஏனெனில் நம் நாட்டில் காவல்துறையிடம் பதிவாகும் இணையவழிக் குற்றங்களின் கணக்கை உற்றுப் பார்த்தால், திருடர்களுக்குப் பெரிதும் உதவுவது அவர்களின் அறிவுக்கூர்மையைவிட நம்முடைய மௌனமே என்ற உண்மை புலப்படுகிறது.

எண்கள் சொல்லும் செய்தி

நம் நாட்டுக் குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதன் கணக்கின்படி 2018இல் நாடு முழுவதும் பதிவான சைபர் குற்ற வழக்குகள் 27,248. 2020இல் அது 50,035 ஆனது. 2022இல் 65,893. 2023இல் 86,420. ஐந்தே ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேலான உயர்வு இது.

நம் தமிழகத்தின் கணக்கு இன்னும் வேகமானது. 2019இல் 385 வழக்குகள், 2020இல் 782, 2021இல் 1,076, 2022இல் 2,082, 2023இல் 4,121. ஏறக்குறைய ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும் வேறொரு குற்ற வகையைக் காண்பது அரிது.

குற்றத்தின் தன்மையும் மாறியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் கீழ் தொடக்க காலத்தில் கிடைத்த முக்கியமான தண்டனைகளுள் ஒன்று நம் சென்னையில்தான் வழங்கப்பட்டது. ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுக்களில் ஆபாசமாக எழுதி, அவர் பெயரில் பொய் மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, அவருடைய தொலைபேசி எண்ணையும் பரப்பிய ஒருவரை, 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரியில் கொடுக்கப்பட்ட புகார் அதே ஆண்டிலேயே தீர்ப்பைக் கண்டது. அன்று சைபர் குற்றம் என்றால் பெரும்பாலும் ஒருவர் மற்றொருவர் மீது கொண்ட பகையின் வெளிப்பாடாக இருந்தது. குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரைத் தெரியும்.

இன்று நிலைமை தலைகீழ். 2023இல் பதிவான வழக்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 69 வழக்குகள் பணமோசடி. பாலியல் சுரண்டல் நூற்றுக்கு ஐந்து, மிரட்டிப் பணம் பறித்தல் நூற்றுக்கு நான்கு என்ற அளவில் அடுத்தடுத்து நிற்கின்றன. திருடனுக்கு நம்மைத் தெரியாது. நம் மீது அவனுக்குப் பகையும் இல்லை. நாம் அவன் கையில் இருக்கும் பட்டியலில் ஓர் எண். அவ்வளவே.

புகார் வேறு, வழக்கு வேறு

மேலே சொன்ன எண்கள் பெரியவையாகத் தோன்றலாம். ஆனால் அவை முழு உண்மையின் ஒரு சிறு பகுதியே. மத்திய உள்துறை அமைச்சகம் 2019 ஆகஸ்டு முதல் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தை நடத்தி வருகிறது. அதில் 2022இல் வந்த புகார்கள் 10 லட்சத்து 29 ஆயிரம். 2023இல் 15 லட்சத்து 96 ஆயிரம். 2024இல் 22 லட்சத்து 68 ஆயிரம். மக்கள் இழந்ததாகச் சொன்ன பணம் 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி ரூபாய். ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023இல் புகார்கள் ஏறத்தாழ 16 லட்சம். அதே ஆண்டில் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவான வழக்குகள் 86 ஆயிரம். அதாவது பதினெட்டுப் புகார்களுக்கு ஒரு வழக்கு என்ற விகிதம். ஒரே மோசடியைப் பற்றிப் பலர் புகார் செய்திருக்கலாம். பல புகார்கள் ஒரே வழக்கில் சேர்க்கப்பட்டிருக்கலாம். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையான ஒன்றை மட்டுமே கணக்கில் எடுப்பது காப்பகத்தின் வழக்கம். இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி மிகப் பெரிது.

மாநிலங்களின் கணக்கும் இதையே வேறொரு விதத்தில் சொல்கிறது. 2023இல் கர்நாடகத்தில் 21,889 வழக்குகள், தெலங்கானாவில் 18,236 வழக்குகள். தெலங்கானாவின் மக்கள்தொகை நம் தமிழகத்தில் ஏறக்குறையப் பாதி. ஆனால் வழக்குகளோ நம்மைவிட நான்கு மடங்கு. அங்கே திருடர்கள் அதிகம், இங்கே குறைவு என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள முடியுமா? திருடன் தொலைபேசியில் அழைக்கும்போது மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. எங்கே காவல் நிலையத்தின் கதவு எளிதில் திறக்கிறதோ, எங்கே மக்கள் தயங்காமல் சொல்கிறார்களோ, அங்கே எண்ணிக்கை கூடுகிறது. ஆகவே குறைந்த எண்ணிக்கை என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல. சில வேளைகளில் அது கேட்கப்படாத அழுகுரலின் அளவாகவும் இருக்கலாம்.

மலையில் வலை விரிக்கும் விதம்

'இதெல்லாம் சென்னை, பெங்களூர் போன்ற பெருநகரங்களின் சிக்கல், நமக்கென்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. பழனி மலைத்தொடரில் வாழும் நமக்குத்தான் இது நெருக்கமான சிக்கல். நம் பிழைப்பு பெரிதும் சுற்றுலாவையும் விவசாயத்தையும் நம்பியிருக்கிறது. இரண்டுமே இன்று கைபேசி வழியாக நடக்கின்றன.

முதலில் தங்கும் விடுதிகள். மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், திருப்பயணிகளையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைக்கும் முன்பதிவு மோசடிகள் பற்றி 2025 ஏப்ரலில் நாட்டு மக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஏரியும் பனிமூட்டமும் தெரியும் அழகான காட்டேஜ் படம் ஒன்றை வேறெங்கிருந்தோ எடுத்துப் போடுகிறார்கள். வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. முன்பணத்தை யு.பி.ஐ. வழியாக அனுப்பச் சொல்கிறார்கள். குடும்பத்தோடு மலையேறி வந்து பார்த்தால் அப்படி ஒரு கட்டடமே இருக்காது, அல்லது இருக்கும் கட்டடத்தின் உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது. கொடைக்கானலுக்கு மட்டுமல்ல, பழனி, வேளாங்கண்ணி, இராமேஸ்வரம் என்று மக்கள் கூடும் எல்லா இடங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இழப்பு வந்தவருக்கு மட்டுமா? மலையின் நற்பெயருக்கும், நேர்மையாக இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் எளிய குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்.

வாடகைக்கு விடுபவரும் தப்புவதில்லை. 'இராணுவ அதிகாரி பேசுகிறேன், பத்து அறைகள் வேண்டும்' என்று ஓர் அழைப்பு வரும். பணம் அனுப்பியதாக ஒரு குறுஞ்செய்தி வரும். '5,000 அனுப்புவதற்குப் பதில் 50,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று அவசரப்படுத்துவார். வந்த குறுஞ்செய்தியே போலி. வங்கியிலிருந்து வராமல் அவருடைய கைபேசியிலிருந்து வந்தது அது. வேறு சிலர் ஒரு கட்டப் படத்தை அனுப்பி, 'இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறும்' என்பார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கு மட்டுமே அது தேவை. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டாலே பல குடும்பங்கள் தப்பிக்கும்.

அடுத்து விவசாயிகள். மலைப்பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் காபியும் விளைவிக்கும் நம் மக்களுக்கு, அரசின் உதவித்தொகை வங்கிக் கணக்கில் நேரடியாக வருகிறது. 'பிரதமரின் விவசாயி உதவித்தொகைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. அதைத் தொட்டுத் திறந்தால் கைபேசிக்குள் ஒரு செயலி புகுந்துகொள்கிறது. அதன்பின் நமக்கு வரும் ஓ.டி.பி. எண்களை நாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தச் செயலியே திருடனுக்கு அனுப்பிவிடும். வாகன அபராதம், திருமண அழைப்பிதழ், மின்கட்டண பாக்கி என்ற பெயர்களிலும் இதே கோப்பு உலா வருகிறது.

மூன்றாவது, கடன் செயலிகள். மழை பொய்த்த ஆண்டில், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில், ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று சொல்லும் செயலி ஆண்டவன் அனுப்பிய உதவிபோலத் தெரியும். பதிவிறக்கும்போது நம் தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும். கொடுத்த சில ஆயிரத்துக்குப் பல மடங்கு கேட்டு, தராவிட்டால் படங்களை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கெல்லாம் அனுப்பும். இந்த அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் நம் தமிழகத்திலும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் இத்தகைய கடன்களுக்கு விதிமுறைகளை வகுத்தது. ஆனால் விதிமுறைக்குக் கட்டுப்படாதவர்களைப் பற்றியதுதானே நம் கவலை?

அச்சம் என்னும் விலங்கு

பேராசைக்காரர்தான் ஏமாறுவார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கூற்றை முற்றிலும் பொய்யாக்கியது 'டிஜிட்டல் கைது' என்ற மோசடி. இதில் ஏமாறுபவருக்கு எந்த ஆசையும் காட்டப்படுவதில்லை. அச்சம் மட்டுமே காட்டப்படுகிறது.

'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது', 'உங்கள் ஆதார் எண்ணில் கறுப்புப் பணம் மாறியிருக்கிறது' என்று தொடங்கும் அந்த அழைப்பு. பிறகு வீடியோ அழைப்பில் காவல் சீருடை அணிந்த ஒருவர் தோன்றுவார். பின்னால் காவல் நிலையம் போன்ற அமைப்பு. சில வேளைகளில் நீதிமன்றமே போலியாக அமைக்கப்பட்டிருக்கும். 'வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, கேமராவை அணைக்கக்கூடாது' என்று கட்டளையிட்டு, நாள்கணக்கில் ஒருவரைத் தன் சொந்த வீட்டிலேயே சிறைவைப்பார்கள். விசாரணை முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லி வாழ்நாள் சேமிப்பை எல்லாம் வேறு கணக்குக்கு மாற்றச் செய்வார்கள்.

2022இல் இப்படிப்பட்ட புகார்கள் 39,925. இழந்த பணம் 91 கோடி. 2024இல் புகார்கள் 1,23,672. இழந்த பணம் 1,935 கோடி. புகார் மூன்று மடங்கு, பணம் இருபது மடங்கு. சராசரியாக ஒருவர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இழந்திருக்கிறார். பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் இது பற்றி எச்சரித்தார். அரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியர் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவுகளைக் காட்டி மிரட்டப்பட்டு ஒரு கோடிக்கும் மேல் இழந்ததை அறிந்த உச்ச நீதிமன்றம், 2025 அக்டோபரில் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், நாடு முழுவதும் இக்குற்றத்தை விசாரிக்கும் பொறுப்பை மத்தியப் புலனாய்வு அமைப்பிடம் ஒப்படைத்தது.

நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லை. வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்ய முடியாது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. எந்தக் காவல் அதிகாரியும் விசாரணைக்காகப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார். இதில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க ஊரில் தனித்து வாழும் பெற்றோர்கள். வாழ்நாள் முழுவதும் சட்டத்துக்குப் பணிந்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய நேர்மையே அவர்களுக்கு வலையாக மாறுகிறது என்பதுதான் இதில் நெஞ்சைப் பிசையும் செய்தி.

மறுமுனையில் இருப்பவர் யார்?

நம்மை அழைக்கும் அந்தக் குரலுக்குரியவர் யார் என்று கேட்டால் விடை இன்னும் வேதனையானது. மியான்மரின் மியாவாடி, கம்போடியா, லாவோஸ் ஆகிய இடங்களில் மதில் சூழ்ந்த பெரும் வளாகங்களில் இந்த மோசடி ஒரு தொழிற்சாலைபோல நடக்கிறது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரும் இப்படிக் கட்டாய வேலையில் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கூறியது. கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பித் தாய்லாந்துக்குச் சென்ற தமிழக இளைஞர்கள் மியாவாடிக்குக் கடத்தப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் ஏற்றி வந்தன. தொலைபேசியின் இந்த முனையில் அழுபவர் ஓர் ஏழை என்றால், அந்த முனையில் அடிக்குப் பயந்து பொய் சொல்பவரும் பல வேளைகளில் நம்மைப் போன்ற ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை.

உள்ளூரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. திருடிய பணம் நேராக வெளிநாடு போவதில்லை. முதலில் யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது. கல்லூரி மாணவர், வேலையில்லா இளைஞர், நூறுநாள் வேலைக்குப் போகும் பெண் ஆகியோரிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, 'உன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் கொடு, வேறொன்றும் செய்ய வேண்டாம்' என்கிறார்கள். வாடகைக் கணக்கு என்று இதற்குப் பெயர். இப்படிச் சந்தேகத்துக்குரிய 24 லட்சம் கணக்குகளின் விவரம் வங்கிகளுடன் பகிரப்பட்டிருக்கிறது என்று மத்திய அரசு 2025இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வேறொரு மாநிலக் காவல்துறை ஒருநாள் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான், தன் கணக்கு வழியாகப் பல லட்சம் பாய்ந்தது அந்த இளைஞருக்குத் தெரிகிறது. தலைவன் அகப்படுவதில்லை. கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர் சிறைக்குப் போகிறார். நம் பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறோமா?

ஏன் சொல்லத் தயங்குகிறோம்?

பறிகொடுத்தவர் ஏன் மௌனமாகிறார்? முதல் காரணம் வெட்கம். 'படித்தவர் நீங்களே இப்படிச் செய்யலாமா?' என்ற கேள்விக்கு அஞ்சுகிறார். கணவருக்குத் தெரியாமல் சேர்த்த மகளிர் குழுப் பணம், மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த பணம் என்றால் வீட்டில் சொல்லவே நா எழாது. அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டப்படும் இளைஞரோ இளம்பெண்ணோ தந்தையிடம் எப்படிச் சொல்வார்?

இரண்டாவது காரணம் தொலைவு. மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம் திண்டுக்கல்லில் இருக்கிறது. மேல்மலைக் கிராமத்திலிருந்து ஒருவர் பேருந்து ஏறி மலையிறங்கிப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி ஆய்வாளர் நிலைக்குக் கீழான அதிகாரி இக்குற்றத்தைப் புலனாய்வு செய்ய முடியாது என்பதால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் 'திண்டுக்கல் போங்கள்' என்ற பதிலே பலருக்குக் கிடைக்கிறது.

மூன்றாவது காரணம், 'சொன்னால் மட்டும் பணம் வந்துவிடுமா?' என்ற விரக்தி. இது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. தமிழகத்தில் 2024இல் மக்கள் இழந்த பணம் சுமார் 1,673 கோடி. காவல்துறையால் முடக்கி நிறுத்த முடிந்தது ஏறத்தாழ 772 கோடி. உரியவர் கைக்குத் திரும்பியது 83 கோடி. அதாவது நூறு ரூபாய் இழந்தால் 46 ரூபாயைத் தடுத்து நிறுத்த முடிகிறது, ஆனால் ஐந்து ரூபாயே வீடு வந்து சேர்கிறது. நின்ற பணத்துக்கும் வந்த பணத்துக்கும் நடுவில் நீதிமன்ற உத்தரவுக்கான நீண்ட காத்திருப்பு இருக்கிறது. இந்த நடைமுறையை எளிதாக்க வேண்டிய கடமை அரசுக்கும் வங்கிகளுக்கும் உண்டு.

ஆனாலும் அந்த 46 ரூபாயைக் கவனியுங்கள். அது உடனே சொன்னவர்களால் நின்ற பணம். 1930 என்ற எண்ணை அழைத்ததும், அல்லது இணையதளத்தில் புகார் பதிந்ததும், அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் செல்கிறது. பணம் அங்கே இருந்தால் அப்படியே நிறுத்தப்படும். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். ஏ.டி.எம். வழியாகப் பணம் வெளியே எடுக்கப்படும் வரை இந்தத் துரத்தல் தொடரும். நாடு முழுவதும் இம்முறையில் 2025 ஜூலைக்குள் 5,489 கோடி ரூபாய் காப்பாற்றப்பட்டதாக அரசு தெரிவித்தது. ஆகவே முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. அந்த ஒரு மணி நேரத்தை நாம் வெட்கத்தில் செலவழித்தால், திருடன் அதை ஏ.டி.எம். வாசலில் செலவழிப்பான்.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் நமக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. நம் தவறு ஏதுமின்றி வேறொருவரின் ஊடுருவலால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு நம்முடையதல்ல என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை வெளியிட்டது. நாமே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் பொறுப்பு. தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. எப்படியிருந்தாலும் விரைந்து சொல்வதே நமக்கு நன்மை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும், மின்னணு வழியிலும்கூடப் புகார் தரலாம். மின்னணு வழியில் தந்தால் மூன்று நாள்களுக்குள் சென்று கையெழுத்திட்டால் போதும். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது.

நேர்மையாகத் தொழில் செய்யும் ஒரு தேநீர்க்கடைக்காரரின் கணக்கில் திருட்டுப் பணத்தில் ஒரு சிறு தொகை வந்து விழுந்துவிட்டால், அவருடைய முழுக் கணக்கும் முடக்கப்படும் கொடுமையும் நடக்கிறது. வழக்குக்குரிய தொகையை மட்டுமே நிறுத்தி வைக்க வேண்டும், முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வுரிமையைப் பாதிக்கும் என்று உயர் நீதிமன்றங்கள் சுட்டிக்காட்டியுள்ளன. பாதிக்கப்பட்டவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் செய்யக்கூடியவை பல உண்டு. அன்பியக் கூட்டம் முடிந்தபின் பத்து நிமிடம் இது பற்றிப் பேசலாம். ஆலய அறிவிப்புப் பலகையில் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கலாம். கைபேசியை நன்கு கையாளத் தெரிந்த இளைஞர் இருவர், புகார் பதியத் தெரியாத முதியவர்களுக்கு உதவ முன்வரலாம். தனித்து வாழும் பெற்றோரை வாரம் ஒருமுறை சந்தித்து, 'யாராவது போனில் மிரட்டினார்களா?' என்று கேட்கலாம். பங்குத்தந்தை அல்லது ஆயர் பெயரில், அவருடைய படத்தோடு வாட்ஸ்அப்பில் அவசர உதவி கேட்டுச் செய்தி வந்தால், நேரில் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு வேலை என்று யாராவது ஊருக்குள் ஆள் சேர்த்தால், அந்த முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று விசாரிக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது நம் நாவை. வழியில் கள்வர் கையில் அகப்பட்டவனைப் பற்றிய உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். 'அந்த வழியில் தனியாக ஏன் போனாய்?' என்று நல்ல சமாரியர் அவனிடம் கேட்கவில்லை. முதலில் காயத்தைக் கட்டினார். பணத்தைப் பறிகொடுத்துவிட்டு ஒருவர் நம் முன் வந்து நிற்கும்போது, 'உங்களுக்கு அறிவில்லையா?' என்ற நம் ஒரு கேள்வி, அவரையும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பத்துப் பேரையும் ஊமையாக்கிவிடும். அடுத்த முறை அந்தப் பத்துப் பேரில் ஒருவருடைய பணம் போனால் அவர் 1930ஐ அழைக்க மாட்டார். யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கிச் சரிக்கட்டப் பார்ப்பார். அதிலும் தோற்றால் வேறு முடிவுகளைத் தேடுவார்.

'எப்போது நடந்தது? 1930க்குச் சொல்லிவிட்டீர்களா? வாருங்கள், சேர்ந்து சொல்வோம்' என்று கேட்கும் ஒரு மனிதர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், திருடனுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை நாம் பறித்துவிடலாம். அந்த மனிதராக நாம் இருப்போமா? சிந்திப்போம்.